கோல்பர்ன் அருகே கிட் வீடு: நிலத்தில் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி (சிட்னி மேற்கு):

அனைவருக்கும் வணக்கம். நியூ சவுத் வேல்ஸில் கோல்பர்ன் நகருக்கு வெளியே இரண்டு ஹெக்டேர் நிலம் வாங்கியிருக்கிறோம். இரும்புச் சட்டகத்தில் அமைந்த மூன்று படுக்கையறைக் கிட் வீட்டை (பாகங்களாக வந்து இறங்கி, நிலத்தில் பொருத்திக் கட்டும் வீடு) வாங்கி, ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் எங்கள் பொறுப்பிலேயே கட்ட விரும்புகிறோம். நிலத்தின் மேட்டில் யூகலிப்டஸ் மரங்கள் அடர்ந்திருக்கின்றன, கீழே ஒரு சிறு குட்டை இருக்கிறது, நடுவில் புல்வெளி. மேட்டிலிருந்து பார்க்க அழகாக இருப்பதால், மரங்களை ஒட்டி வீட்டை வைக்க நினைக்கிறோம். அங்கே 15 மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சரிவு. கழிவுநீர்க் குழாயும் நகரக் குடிநீரும் இல்லை.

கிட் நிறுவனம் தள்ளுபடி இம்மாத இறுதிவரைதான் என்று முன்பணம் கேட்கிறது. மண் வெட்டும் இயந்திரக்காரரோ அடுத்த வாரமே வந்து சமன்படுத்தித் தருவதாகச் சொல்கிறார். எதை முதலில் செய்வது? வாசல் கிழக்கு நோக்கியே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம்.

பதில் (பாத்தர்ஸ்ட்):

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். கிட்டின் விலையைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் விலைப்பட்டியல் அன்று, உங்கள் நிலம்தான். கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றம்) நிலத்துக்குப் பொருந்தும் கட்டுப்பாடுகளைச் சொல்லும் 10.7 திட்டமிடல் சான்றிதழைப் பெற்று, காட்டுத்தீ அபாயப் பகுதிக்குள் நிலம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வருமானால், மரங்களின் வகை, அவற்றுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், நிலச்சரிவு ஆகியவற்றைக் கணக்கிட்டு 12.5, 19, 29, 40 அல்லது அதற்கும் மேலான தீச்சுடர் மண்டலம் என்று ஒரு BAL மதிப்பீடு (காட்டுத்தீத் தாக்க அளவு) தருவார்கள். அந்த எண், சுவர்மீது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் விழக்கூடும் என்பதைக் குறிப்பது. அது உயர உயரக் கண்ணாடி, கதவு, வலை, தளத்தின் அடிப்பகுதி என எல்லாவற்றின் தரமும் விலையும் உயரும். 12.5-க்கு உரிய ஜன்னல்களோடு கிட்டை வாங்கிவிட்டு, பிறகு நிலத்துக்கு 40 என்று வந்தால், அந்த ஜன்னல்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உங்களிடம் இடம் தாராளமாக இருக்கிறது. மரங்களை ஒட்டி வைக்காமல் சரிவில் சற்றுக் கீழே இறங்கினால் தூரம் கூடும். தீ பொதுவாக மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும் என்பதால், மரக்கூட்டம் வீட்டுக்கு மேற்புறம் இருப்பது மதிப்பீட்டுக்கும் நல்லது. கீழ்ப்புறப் புல்லைக் குட்டையாக வெட்டி வைக்க வேண்டியிருக்கும். மேட்டு இடம்தான் வேண்டும் என்றால், அனுமதி பெற்று மரங்களை அகற்றிவிட்டுக் கட்டலாம்.

அப்பாவிடம் கிழக்கு வாசலை ஒப்புக்கொள்ளுங்கள், அதில் சிக்கல் இல்லை. ஆனால் கூடத்தின் பெரிய ஜன்னல்கள் வடக்கே இருக்கட்டும். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானில்தான் செல்கிறது. நம் ஊரில் தெற்கு ஜன்னல் தென்றலுக்கானது. கோல்பர்னில் தெற்கிலிருந்து வருவது எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று.

பதில் (கான்பெரா, கட்டுமானப் பொறியாளர்):

மேலே சொன்னதில், மேட்டு மரங்களை அகற்றிவிட்டுக் கட்டலாம் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. களிமண் நிலத்தில் பெரிய மரம் இருக்கும்வரை அதன் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரத்தை வெட்டியதும் மண் மெல்ல ஈரம் பெற்று உப்பத் தொடங்கும். அதன்மேல் உடனே ஸ்லாப் (கான்கிரீட் அடித்தளம்) போட்டால், ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு சுவர் விரிசல் விடும். மரத்தை வெட்டாமல் பக்கத்தில் கட்டினாலும் எதிர்த்திசையில் அதே தொல்லை. ஆகவே வீட்டை நகர்த்துவதே சிறந்தது. வீட்டைச் சுற்றி 10 மீட்டர் வரை மரம் வெட்டலாம் என்று யாராவது சொன்னால், அந்த விதி ஏற்கனவே உள்ள வீடுகளுக்கானது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டின் இடம் முடிவானதும், அதே இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். மண்ணின் அசைவைப் பொறுத்து ஏ, எஸ், எம், எச்1, எச்2, ஈ என்று வகைப்படுத்துவார்கள். எம் என்றால் 40 மில்லிமீட்டர் வரை அசையும், எச்2 என்றால் 75 வரை. முறையாக இறுக்கப்படாத நிரப்பு மண் இருந்தால் பி என்ற சிக்கலான வகைக்குப் போய்விடும். இயந்திரக்காரர் அடுத்த வாரம் செய்ய விரும்புவது இதைத்தான்: மேற்பாதியில் முக்கால் மீட்டர் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி, இயந்திரத்தை மேலே இரண்டு முறை ஓட்டிவிட்டு, சமமாகிவிட்டது என்பார். பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். ஒரு பாதி இறுகிய இயற்கை மண், மறுபாதி தளர்ந்த மண். கவுன்சில் அனுமதிக்கு முன்னால் அப்படி வெட்டுவதே விதிமீறலாகலாம்.

உங்கள் சரிவுக்கு, வெட்டாமல் இரும்புத் தூண்கள்மேல் தளத்தை எழுப்புவதையும் பொறியாளரிடம் விலை போட்டுப் பாருங்கள். தீ மதிப்பீடு உயர்ந்தால் தளத்தின் அடியை மூட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

பதில் (மாஸ் வேல்):

கழிவுநீரை யாரும் சொல்லவில்லையே! கோல்பர்ன் சிட்னியின் குடிநீர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகிறது. அங்கே கட்டும் எதுவும் நீரின் தரத்தைக் கெடுக்காது என்று காட்டினால்தான் அனுமதி. சுத்திகரித்த கழிவுநீரை மண்ணில் விடும் இடம் குட்டையிலிருந்து 40 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். வீட்டைக் கீழே இறக்கும்போது அந்த இடத்தை விழுங்கிவிடாதீர்கள். வரைபடத்தில் முதலில் கழிவுநீர் இடத்தைக் குறித்துவிட்டு, மிச்சத்தில் வீட்டை வையுங்கள்.

தீயணைப்புக்கென்று 20,000 லிட்டர் நீர் தனியே இருக்க வேண்டிய அளவு நிலம் உங்களுடையது. தொட்டியில் 65 மில்லிமீட்டர் ஸ்டோர்ஸ் இணைப்பு (தீயணைப்புக் குழாயை மாட்டும் இணைப்பு) வையுங்கள். தீயணைப்பு வண்டிக்கு நான்கு மீட்டர் அகலப் பாதை வேண்டும். அதை முதலிலேயே உடைகல் போட்டு அமைத்தால், கிட்டைக் கொண்டுவரும் நீண்ட லாரியும் சேற்றில் புதையாது. கூரைத் தகடுகளைக் கட்டைகள்மேல் சற்றுச் சாய்வாக அடுக்கி மூடுங்கள். கட்டுக்குள் மழைநீர் புகுந்து தகடுகளுக்கிடையே தங்கினால், சில நாட்களிலேயே வெண்மையான கறை படிந்துவிடும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. முன்பணம் கொடுக்கவில்லை, இயந்திரக்காரரிடமும் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். அனுமதியை யார் பெயரில் எடுப்பது?

பதில் (வுலங்காங்):

நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில். வேலையின் மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால் ஓனர் பில்டர் அனுமதி (சொந்த வீட்டைத் தன் பொறுப்பில் கட்டுபவருக்கான அனுமதி) தேவை. 20,000-ஐத் தாண்டினால் அதற்கான பயிற்சியையும் முடிக்க வேண்டும், ஒயிட் கார்டும் (கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை) வேண்டும். இருவர் பெயரில் நிலம் இருந்தால் யார் எடுப்பது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பொதுவாகக் கொடுப்பார்கள். அனுமதி பெற்ற ஏழரை ஆண்டுகளுக்குள் விற்றால், ஓனர் பில்டர் கட்டிய வீடு என்ற எச்சரிக்கை விற்பனை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

வங்கியிடமும் இப்போதே பேசுங்கள். கட்டி முடித்த கட்டத்துக்குத்தான் பெரும்பாலும் பணம் விடுவிப்பார்கள். கிட் நிறுவனமோ பொருள் வந்து இறங்குவதற்கு முன்பே பெரும்பகுதியைக் கேட்கும். அந்த இடைவெளிக்கான தொகை கையில் இருந்தால் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். தீ மதிப்பீடோ மண் வகையோ மாறினால் விலையைத் திருத்தவும் முன்பணத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறதா என்று அதில் படித்துப் பாருங்கள்.