ஊர்க்கலை என்றால் ஓசிக்கலையா?

தக்கலைக்காரன்:
போன ஞாயிறு எங்கள் ஊர் நூலகத்தில் உள்ளூர் ஓவியர் ஒருவர் பேசினார். அறுபது வயது தாண்டியவர். கற்பனை என்பது தனி ஆளின் சொத்தல்ல, ஊர் கொடுப்பது. அதனால் ஓவியன் கதவைச் சாத்திக்கொண்டு வரையக்கூடாது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்றார். பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடிச் சுவர்ச் சித்திரங்களில் எவன் கையெழுத்து இருக்கிறது என்று கேட்டதும் கூட்டமே அமைதியாகிவிட்டது. எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. உங்களுக்கு?

பழைய பெயிண்டர்:
கேட்க நல்லாத்தான் இருக்கிறது தம்பி. நான் இருபது வருடம் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கடை போர்டு எழுதியவன். சாக்பீஸ் தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் பலகையில் நேர்கோடு விழும், அதன்மேல்தான் எழுத்து. பிளக்ஸ் வந்தது, பிழைப்பு போனது. அப்புறம் என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் விழாக் கமிட்டிக்காரர்கள். "நம்ம ஊருக்குத்தானே அண்ணாச்சி" என்பார்கள். மைக்செட்டுக்கு, பந்தலுக்கு, வெடிக்கு எல்லாம் எண்ணிக் கொடுப்பார்கள். எனக்குப் பொன்னாடை. வீட்டில் ஏழு கிடக்கிறது. அரிசிக்கடையில் அதை வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

கையெழுத்து இல்லை சரி, அந்தச் சித்திரக்காரர்கள் பட்டினியாகவா வரைந்தார்கள்? அரண்மனை சோறு போட்டது.

பொற்றையடி டீச்சர்:
நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். காசு வாங்காதே என்று அவர் சொல்லவே இல்லை. தக்கலைக்காரன் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மீதிப் பாதி, கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பதைப் பார் என்பது.

என் வகுப்பில் 'மலை வரைங்க' என்றால் நாற்பது பிள்ளைகளும் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே மருந்துவாழ்மலை நிற்கிறது! அதில் ஒரு முக்கோணமும் கிடையாது. ஒருநாள் எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். பாறை தெரியும் இடத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று அரைமணி நேரம் சண்டை. ஊர் கற்பனை கொடுக்கும் என்று அவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தக்கலைக்காரன்:
டீச்சர் சொன்னது சரி, காசு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி, அந்தச் சுவர் ஒரு ஆள் வேலையா? சுண்ணாம்பும் மணலும் பூசிக் காயவிட்டு, மேலே இளநீர் கலந்த சுண்ணாம்பைப் பல தடவை அடிக்க வேண்டும். கல்லை அரைத்துச் சிவப்பும் மஞ்சளும், விளக்குப்புகையில் கறுப்பு, ஒட்டுவதற்கு வேப்பம்பிசின். தூரிகை பிடித்தவன் கடைசியில்தான் வருகிறான். யார் பெயரைப் போடுவது?

பழைய பெயிண்டர்:
எல்லார் பெயரையும் போடு, எல்லாருக்கும் கூலியும் கொடு! சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்று ஓவியர்கள் கிராமம் இருக்கிறதே, 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் தொடங்கியது. சேர்ந்து வாழ்ந்தார்கள், சரி. பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். கூட்டுறவு என்றால் அதுவாக்கும்.

குளச்சல் கரை:
எங்கள் பக்கம் வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிறவருக்கு ஒருத்தரும் பாக்கி வைப்பதில்லை. பெயர் இல்லாமல் வள்ளம் இறக்க மனசு வராது. தேவைப்பட்டால் காசு தானாக வரும். அந்த ஓவியர் 'ஊருக்குக் கலை' என்கிறார், ஊருக்கு அது தேவைப்படுகிறதா என்று யாராவது கேட்டார்களா?

பொற்றையடி டீச்சர்:
கேட்டால் தேவையில்லை என்றுதான் சொல்வார்கள். பாடப்புத்தகத்தையும் பிள்ளைகள் கேட்டு வாங்கவில்லையே.

தக்கலைக்காரன்:
எங்கள் தெருக் கொடைவிழா நோட்டீஸ் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. வரவுசெலவில் 'சுவர் ஓவியம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பார்க்கிறேன். வெடிக் கணக்கில் கொஞ்சம் குறைத்தால் போதும். கமிட்டியில் சத்தம் போடுவார்கள், பார்ப்போம்.

பழைய பெயிண்டர்:
வரி சேர்ந்ததும் சொல்லு. நூல் கண்டு இன்னும் பரணில்தான் இருக்கிறது. பொன்னாடை மட்டும் வேண்டாம்.