15 ஜிபி நிரம்பி மெயில் நின்றுவிட்டது: 2018 மழைப் படங்களை அழிக்காமல் இடம் எடுக்க வழி சொல்லுங்கள்

ஏலச்செடி (குமுளி)

எல்லோருக்கும் வணக்கம். குமுளிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. புற்றடியிலும் போடியிலும் காய் விற்க நடக்கிற இ-ஏலத்தின் சீட்டுகள், பேங்க் தகவல், உரக்கடை பில் எல்லாமே என் ஜிமெயிலுக்குத்தான் வரும். போன வாரத்திலிருந்து எதுவும் வரவில்லை. அனுப்பியவர்களைக் கேட்டால், பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

ஸ்டோரேஜ் பக்கத்தில் காட்டுவது இது: போட்டோஸ் 6.2 ஜிபி, பேக்கப் 4.5, ஜிமெயில் 2.9, டிரைவ் 1.3.

கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று வந்தது, அழுத்தினேன். போனில் நிறைய இடம் கிடைத்தது. ஆனால் இந்த 15 ஜிபி கணக்கு அசையவே இல்லை. மொபைல் கடையில் கேட்டபோது, பழைய படங்களிலிருந்து அழித்துக்கொண்டே வாருங்கள் என்றார்கள்.

பழையது என்றால் 2018 ஆகஸ்ட். இடுக்கி அணையின் மதகை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்த மழை அது. எங்கள் தோட்டத்தின் மேல்பக்கம் சரிந்து, காய் உலர்த்தும் டிரையர் கொட்டகையின் ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போனது. வில்லேஜ் ஆபீஸில் கொடுப்பதற்காக எடுத்த படங்கள்தான் எல்லாம். அப்பா சேற்றுக்குள் கைவிட்டு ஒவ்வொரு ஏலத் தண்டாக நிமிர்த்திக் கட்டுவதும் அதில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அவற்றைத் தொடாமல் இடம் எடுக்க முடியுமா? போன் ஆண்ட்ராய்டு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

போடிமெட்டு

அக்கா, முதலில் எதையும் அழிக்காதீர்கள். அந்த 2018 படங்களை அழித்தால் உங்களுக்கு ஒரு எம்பிகூடக் கிடைக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

காரணம் இதுதான். 2021 ஜூன் 1-க்கு முன்னால் 'ஹை குவாலிட்டி' என்ற முறையில் கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்களும் வீடியோக்களும் 15 ஜிபி கணக்கில் சேரவே சேராது. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றியவைதான் சேரும். அன்றைக்குப் பெரும்பாலானவர்கள் போனில் அந்த முறையைத்தான் வைத்திருந்தார்கள், இலவசம் என்பதால். 'ஒரிஜினல்' என்று வைத்திருந்தால் மட்டும் அப்போதே கணக்கில் ஏறியிருக்கும்.

உங்களுடையது எது என்று நீங்களே பார்க்கலாம். அந்த மழைப் படங்களில் ஒன்றைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். கீழே விவரம் வரும். பேக்கப் ஆகியிருக்கிறது என்ற வரிக்குப் பக்கத்தில், இந்தப் படம் உங்கள் கணக்கின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தால் நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, பிறகு திரும்ப ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு ஏற்றினால் இன்றைய விதிப்படி 15 ஜிபிக்குள் சேரும். இலவசமாக இருப்பதை நாமே கட்டணக் கணக்குக்கு மாற்றியது போல ஆகிவிடும்.

ஏலச்செடி (குமுளி)

தம்பி, பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது. நாலைந்து படங்களைத் திறந்து பார்த்தேன், எல்லாவற்றிலும் இருக்கிறது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்படியானால் இந்த 6.2 ஜிபி எது?

கம்பத்துக்காரன்

அக்கா, அது 2021-க்குப் பிறகு ஏற்றியவை. அதிலும் வீடியோதான் பெரும்பங்கு இருக்கும். புதுப் போன் வாங்கிய பிறகு 4கே-யில் எடுத்தீர்களா பாருங்கள். ஒரு நிமிட 4கே வீடியோ பல போன்களில் 300 எம்பியைத் தாண்டும். காய் எடுப்பை நாலு நிமிடம் எடுத்தாலே ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். போனில் உள்ள இடம் வேறு, கூகுள் கணக்கின் இடம் வேறு. நீங்கள் அழுத்திய 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' ஏற்கெனவே கூகுளில் ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். அதனால்தான் 15 ஜிபி அசையவில்லை. இப்போது அந்தப் படங்களுக்குக் கூகுளில் இருப்பதுதான் ஒரே பிரதி. ஆகவே போட்டோஸ் ஆப்பில் 'டெலீட்' அழுத்தினால் முழுசாகப் போய்விடும். 'ட்ராஷ்'-இல் 60 நாள் கிடக்கும், அதற்குள் மீட்கலாம்.

15 ஜிபி என்பது போட்டோஸ், ஜிமெயில், டிரைவ் மூன்றுக்கும் பொதுவான ஒரே தண்ணீர்த் தொட்டி. வீடியோவால் நிறைந்தாலும் மெயில்தான் நிற்கும். மெயிலைத் திருப்பிக் கொண்டுவர மெயிலையே அழிக்க வேண்டும் என்பதில்லை.

போட்டோஸ் ஆப்பில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ஸ்டோரேஜ் பகுதிக்குள் போங்கள். பெரிய வீடியோக்கள், ஸ்கிரீன்ஷாட்கள், மங்கலான படங்கள் என்று தனித்தனியாகக் காட்டும். பெரிய வீடியோக்களில் தொடங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், எண்ணிக்கை அதிகமாகத் தெரியும், ஆனால் எடை கிடையாது.

நகரி நெசவு

அண்ணன் சொன்னது சரி, ஆனால் நான் போட்டோஸைத் தொடவே மாட்டேன். அந்த 4.5 ஜிபி பேக்கப்பை முதலில் பாருங்கள் அக்கா. அது பெரும்பாலும் வாட்ஸ்அப்பாகத்தான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் சில வருஷம் கூகுள் கணக்கில் சேராமல் இருந்தது. 2023 டிசம்பரில் சோதனைப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு ஆரம்பித்து, 2024-இன் முதல் பாதியில் எல்லோருக்கும் 15 ஜிபிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் பலருக்கும் அந்தச் சமயத்தில்தான் மெயில் நின்றது. டிசைன் படம், நூல் விலை, சேலை வீடியோ என்று எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தானே ஓடுகிறது. தெலுங்கு குரூப், தமிழ் குரூப் இரண்டிலும் ஒரே வீடியோ வந்து கிடக்கும்.

செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. பலமுறை ஃபார்வேர்டு ஆனவை தனியாகவும், 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும் நிற்கும். வேண்டாததைத் தேர்ந்து அழியுங்கள். அப்புறம் 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' போய், வீடியோக்களையும் சேர்க்கும் பொத்தானை அணையுங்கள். கடைசியாக அதே பக்கத்தில் 'பேக்கப்' அழுத்துங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புது பேக்கப் ஏறினால்தான் பழைய பெரிய பேக்கப் போகும். அதுவரை எண் குறையாது.

ஏலச்செடி (குமுளி)

ஒரு பயம். அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. "தண்ணி விட்டாச்சா, டிரையர்ல சூடு பார்த்தியா" என்று கேட்பதுதான், பெரிதாக ஒன்றும் இல்லை. வீடியோவை அணைத்தால் அதுவும் பேக்கப்பிலிருந்து போய்விடுமா?

நகரி நெசவு

போகாது அக்கா. அந்தப் பொத்தான் வீடியோவுக்கு மட்டும்தான். வாய்ஸ், படம், எழுத்து எல்லாம் பேக்கப்பில் இருக்கும். ஆனால் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'-இல் அப்பாவின் பெயரைத் திறந்து "எல்லாவற்றையும் தேர்ந்தெடு" மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்குக் கேட்டால், அந்த ஒலிகளை வாட்ஸ்அப்பை நம்பி விடவே கூடாது. மெசேஜை அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, டிரைவில் அப்பாவுக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேமியுங்கள். ஒரு நிமிடப் பேச்சு ஒரு எம்பிகூட வராது. கொஞ்சம் இடம் கிடைத்த உடனே இதைத்தான் முதல் வேலையாகச் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

வீடியோ பேக்கப்பில் இல்லை என்பதால் நாளைக்குப் போன் மாற்றும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு, பழைய போனும் கையில் இருந்தால், க்யூஆர் கோடு காட்டி நேராக மாற்றிக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

ஜிமெயிலைப் பற்றி நான் சொல்கிறேன் அம்மா. ஆயிரக்கணக்கான விளம்பர மெயில்களை உட்கார்ந்து அழிப்பது வீண் உழைப்பு. எழுத்து மட்டும் உள்ள மெயில் சில கேபிதான். இடத்தைத் தின்பது இணைப்புகள். ஒரு மெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம் என்பதால், பெரிய ஸ்கேன் இணைத்த நாற்பது மெயில் சேர்ந்தாலே ஒரு ஜிபி.

இதைக் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அளவு என்ற இடத்தில் "இதைவிட அதிகம்" என்று வைத்து 10 எம்பி கொடுங்கள். பெரியவை மட்டும் வரிசையாக வரும். நீங்கள் அனுப்பியவையும் அதில் இருக்கும், அனுப்பிய ஸ்கேனும் உங்கள் கணக்கில்தான். தேவையான பிடிஎஃப்பை இறக்கிக்கொண்டு மெயிலை அழியுங்கள். பிறகு ட்ராஷையும் ஸ்பேமையும் காலி செய்யுங்கள். தானாகப் போக 30 நாள் ஆகும், அதுவரை அவையும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிரைவின் ட்ராஷும் அப்படியே.

கம்ப்யூட்டருக்கு அக்ஷயா மையத்துக்கோ (கேரள அரசின் இ-சேவை மையம்) பிரவுசிங் சென்டருக்கோ போவீர்கள் என்று நினைக்கிறேன். இன்காக்னிட்டோ ஜன்னலில் திறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், அங்கிருப்பவரிடம் சொல்லி அடிக்க வைக்காதீர்கள். இறக்கிய கோப்புகளை உங்கள் பென்டிரைவில் நேராகச் சேமியுங்கள். 'டவுன்லோட்ஸ்'-இல் விட்டுவிட்டு வந்தால் உங்கள் பேங்க் சீட்டு அடுத்தவர் கண்ணில் படும். எழுந்திருப்பதற்கு முன் 'சைன் அவுட்' ஆனதா என்று பாருங்கள்.

முக்கியமான ஒன்று: திரும்பிப் போன மெயில்கள் இடம் கிடைத்ததும் தானாக வந்து சேராது. ஏல சீட்டு அனுப்புகிறவர்களிடம் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மறையூர் கரும்பு

இவ்வளவு சிரமம் எதற்கு? புதுசாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கினால் இன்னொரு 15 ஜிபி. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

அது ஆபத்தான வழி என்பது என் கருத்து. இரண்டு வருஷம் திறக்காமல் கிடக்கும் கணக்கையும் அதில் உள்ளவற்றையும் கூகுள் அழித்துவிடலாம், அது அவர்களுடைய விதி. பாஸ்வேர்டு மறந்த இரண்டாவது கணக்கில் குடும்பப் படங்களைப் பூட்டிவைத்திருக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வைத்திருப்பதானால் அவ்வப்போது திறந்து பாருங்கள், மீட்பு எண்ணாக இப்போது பயன்படுத்தும் நம்பரைக் கொடுங்கள். எல்லையோரத்தில் கேரளா சிம், தமிழ்நாடு சிம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம், பழைய நம்பரில்தான் ஓடிபி போய்க்கொண்டிருக்கும்.

நிரம்பிய கணக்கை அப்படியே விடுவதும் கூடாது. அளவுக்கு மேல் நிறைந்து இரண்டு வருஷம் கிடந்தால் உள்ளே இருப்பவற்றை அழிக்கலாம் என்றும் விதி இருக்கிறது.

கம்பத்துக்காரன்

அக்கா, கம்ப்யூட்டர் கிடைக்கும்போது இன்னொன்றும் செய்யலாம். போட்டோஸின் செட்டிங்ஸில், ஒரிஜினல் அளவில் ஏற்றியவற்றை 'ஸ்டோரேஜ் சேவர்' அளவுக்குச் சுருக்கும் பொத்தான் இருக்கிறது. படம் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080பி-க்கும் குறையும். திரும்பப் பெரிதாக்க முடியாது. கல்யாண ஆல்பம் அச்சடிக்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். தோட்டத்து வீடியோவுக்குத் தாராளமாகப் போதும். மழைப் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவைதான், அவற்றுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

கையோடு அந்த மழைப் படங்களை ஒரு ஆல்பமாகச் சேர்த்து, கம்ப்யூட்டரில் 'டவுன்லோட் ஆல்' கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இலவசமாக இருக்கிறது என்பதற்காக ஒரே இடத்தில் விட வேண்டாம். மலையில் நெட் இழுக்காவிட்டால் லோயர் கேம்ப் இறங்கி எங்கள் ஊருக்கு வாருங்கள், இங்கே ஃபைபர் இருக்கிற சென்டர்கள் உண்டு.

ஏலச்செடி (குமுளி)

எல்லோருக்கும் நன்றி. நெசவு அண்ணன் சொன்ன வரிசையில் போனேன். பேக்கப் 4.5-லிருந்து 1.1 ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே மெயில் வரத் தொடங்கியது. அப்பாவின் குரல் எல்லாம் டிரைவில் ஏறியாயிற்று.

கம்பத்தில் உட்கார்ந்து பெரிய மெயில்களை எடுத்தேன், ஜிமெயில் 1.4. வீடியோக்களைச் சுருக்கியதில் போட்டோஸ் 4.0-க்கு வந்தது, அந்த எண் உடனே மாறவில்லை, மறுநாள்தான் குறைந்து காட்டியது. மழை ஆல்பம் பென்டிரைவில் இருக்கிறது. ஏல சீட்டுகளை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பாதி வந்துவிட்டது.

கடைசியாக ஒரு சந்தேகம். புற்றடியில் இருக்கிற என் தங்கை, லாட் (ஏலத்துக்கு வைக்கும் காய்த் தொகுதி) சாம்பிள் படங்களை எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு ஆல்பத்தில் தினமும் போடுகிறாள். அது யார் கணக்கில் சேரும்?

போடிமெட்டு

போடுகிறவர் கணக்கில்தான் அக்கா. நீங்கள் திறந்து பார்ப்பதால் உங்கள் இடம் குறையாது. படத்தின் மேல் வரும் 'சேவ்' பொத்தானை அழுத்தினால் மட்டும் உங்கள் கணக்கிலும் ஒரு பிரதி ஏறும். காய் விற்று முடிந்த லாட்டின் படங்களைத் தங்கை மாதம் ஒருமுறை அழித்துக்கொண்டால் அவருக்கும் நிறையாது.