புளிச்ச மோர் ஊத்தினா கருவேப்பிலை செழிக்குமாம், யார் கெளப்பி விட்டதுங்க இதை?

காரமடைக்காரன்:
எவனோ வீடியோ போட்டுருக்கறான், வாரம் ஒரு டம்ளர் புளிச்ச மோர் ஊத்தினா போதுமாம், கருவேப்பிலை இலை பறிச்சு மாளாதாம். அதை எங்க சொந்தக்காரங்க குரூப்புல ஆளாளுக்கு பார்வர்டு பண்ணி, கருவேப்பிலையே வெள்ளாமையா வச்சுப் பொழைக்கற என்ற கிட்டயே வந்து "நீங்க மோர் ஊத்தறதில்லையா, அதான் இலை சின்னதா இருக்குது"ங்கறாங்க. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் வந்து பாருங்க, ஏக்கர் கணக்குல செங்காம்பு ரகக் கருவேப்பிலை நிக்குது, எந்தத் தோட்டத்துலயாவது மோர் கேனைப் பார்த்திருக்கீங்களா? தொழு உரம், சொட்டுநீர், நேரத்துக்கு அறுப்பு, அவ்வளவுதானுங்க. மோர் மனுசன் குடிக்கறதுக்கு.

மாம்பலம் மாடித்தோட்டம்:
அண்ணா, உங்க தோட்டம் வேற, எங்க மொட்டை மாடி வேற. என் குரோ பேக் செடி இலையெல்லாம் வெளுத்து அப்படியே நின்னுடுச்சு. எங்க மாமியார் சொல்லித்தான் புளிச்ச மோர் ஊத்த ஆரம்பிச்சேன், அடுத்த மாசமே துளிர் தள்ளுச்சு. கண்ணால பார்த்ததை வீடியோக்காரன் சொல்லி நம்பணும்னு எனக்கு அவசியம் இல்ல.

காரமடைக்காரன்:
எந்த மாசம் ஊத்தினீங்க அக்கா?

மாம்பலம் மாடித்தோட்டம்:
பிப்ரவரி கடைசி. ஏன்?

காரமடைக்காரன்:
அதானே பார்த்தேன். பனி விட்டு வெயில் ஏறும்போது கருவேப்பிலை தானா துளிர் விடுமுங்க, நீங்க ஊத்தினாலும் விடும், ஊத்தாம ஊருக்குப் போயிட்டாலும் விடும். மார்கழில மோர் ஊத்தி துளிர் வந்தா சொல்லுங்க, நான் வந்து பார்க்கறேன். பக்கத்துலயே இன்னொரு செடி வச்சு அதுக்கு வெறும் தண்ணி ஊத்திப் பார்த்தீங்களா? இல்லைல்ல? அப்புறம் எப்படி மோர்னு சொல்றீங்க?

நெல்லை ராசா:
வந்துட்டாருய்யா விஞ்ஞானி. போன தடவை ரோஜாவுக்கு வாழைப்பழத் தோல் போடுற பேச்சுலயும் இதே மாதிரி தான் "பக்கத்துச் செடி எங்க, பக்கத்துச் செடி எங்க"ன்னு நின்னாரு. அண்ணாச்சி, வீட்டுல இருக்கறதே ஒரு செடி, பக்கத்துச் செடிக்கு எங்க போக? எங்க ஆச்சி காலத்துல இருந்து மோர்ச்சட்டி கழுவுன தண்ணி கருவேப்பிலைக்குத்தான் போவும். மரம் ஓட்டுக்கு மேல நிக்கி.

காரமடைக்காரன்:
உங்க ஆச்சி வீட்டு மரம் பொறவாசல்ல கழனித்தண்ணி, அரிசி கழுவுன தண்ணி, பாத்திரம் வெளக்குன தண்ணி எல்லாம் போற எடத்துல நின்னுருக்கும். தினமும் ஈரம், வேர் போக தாராளமா மண்ணு. அதுல மோருக்கு மட்டும் மாலை போடறது எந்த ஊரு நியாயமுங்க?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
உணர்ச்சிவசப்படாம கணக்குப் போடலாம். வீட்டு நீர் மோர் 200 மில்லில புரதம் 2 கிராம்னு வச்சாலும், அதுல நைட்ரஜன் ஆறுல ஒரு பங்கு, 0.3 கிராம். ஒரு கிலோ மக்கின தொழு உரத்துல சுமாரா 5 கிராம் இருக்கும். ஆக சத்துன்னு பார்த்தா மோர்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா புளிப்பு விஷயம் வேற. நல்லா புளிச்ச மோர் பிஎச் (அமில அளவு, 7க்குக் கீழ போனா அமிலம், மேல போனா காரம்) 4.5க்கு பக்கம் வரும், கருவேப்பிலை லேசான அமில மண்ணை விரும்பும், போர் தண்ணி ஊத்தி ஊத்தி மண்ணு காரத்தன்மைக்குப் போயிட்டா இரும்புச்சத்து மண்ணுல இருந்தாலும் வேர் எடுக்க முடியாது, இளந்துளிர் நரம்பு மட்டும் பச்சையா நடுவுல மஞ்சளாயிடும். மேடம் சொல்ற வெளுப்பு அதுவா இருந்தா மோர் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

மாம்பலம் மாடித்தோட்டம்:
பார்த்தீங்களா! வாத்தியாரே சொல்லிட்டார்!

காரமடைக்காரன்:
என்னத்த சொல்லிட்டார்? "இருக்கலாம்"னு சொன்னார். வாத்தியாரே, நீங்க அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் வைக்காதீங்க. ஒரு டம்ளர் மோர் புளிப்பு மண்ணுல எத்தனை நாளைக்கு நிக்கும்? நுண்ணுயிர் அதைத் தின்னுட்டுப் போயிரும், மறுநா நீங்க ஊத்தற போர் தண்ணில இருக்கற உப்பு காரத்தன்மையைப் பழையபடி ஏத்தி விட்டுரும். மஞ்சள் தான் பிரச்சனைன்னா அன்னபேதின்னு இரும்பு உப்பு இருக்குதுங்க, உரக்கடைல கேட்டா பெர்ரஸ் சல்பேட்டுன்னு குடுப்பான், லிட்டருக்கு 5 கிராம் கலக்கி சாயந்தரமா இலை மேல அடிச்சா பச்சை திரும்பும். அதை விட்டுப்போட்டு மோராம்.

புதுத்தொட்டி:
நான் இப்பதான் கன்னு வாங்கி வச்சிருக்கேன், ஒரு சந்தேகம். புளிச்ச மோர்னு எல்லாரும் சொல்றீங்க, எத்தனை நாள் புளிச்சது? உப்பு போட்டதா போடாததா? தண்ணி எவ்வளவு கலக்கணும்? ஆளுக்கு ஒரு மோரை நினைச்சுப் பேசுற மாதிரி தெரியுது.

நெல்லை ராசா:
அன்னபேதி வாங்க காசு குடுக்கணும்லா, மோர் வீட்டுலயே கெடக்கு. கடைக்காரனுக்கு யாவாரம் பாக்குதீரோ?

இயற்கை உழவன்:
அரப்பு மோர் கரைசல், தேமோர் கரைசல்னு கேள்விப்பட்டதே இல்லையா காரமடை அண்ணே? அரப்பு இலையை அரைச்சு மோர்ல கலந்து ஒரு வாரம் புளிக்க வச்சு, 10 லிட்டர் தண்ணிக்கு ஒரு லிட்டர் கலந்து அடிக்கிறோம், மிளகாய் கத்தரியில பூ எப்படிப் புடிக்குதுன்னு வந்து பாருங்க. வெளிநாட்டுலயும் 1999ல பிரேசில்ல ஒருத்தர் சுரைக்காய் வகைச் செடில பால் தெளிச்சு சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தி கட்டுரையே எழுதியிருக்கார். உங்களுக்குத் தெரியலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிடாது.

காரமடைக்காரன்:
அரப்பு மோர்ல அரப்பு இருக்குது, தேமோர்ல தேங்காய்ப்பால் இருக்குது, பிரேசில்ல பால், அதும் இலை மேல, அதும் நோய்க்கு. நான் கேட்டது வெறும் புளிச்ச மோர், வேர்ல, கருவேப்பிலைக்கு. நாம பூவுக்கா கருவேப்பிலை வளர்க்கறோம்? பூங்கொத்து வந்தா நாங்க கிள்ளி எறியறோமுங்க, அப்பத்தான் செடி இலைல கவனம் வைக்கும். மறுபடி கேக்கறேன், பக்கத்துச் செடிக்கு வெறும் தண்ணி ஊத்திப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

டொராண்டோ யாழ்ப்பாணத்தான்:
நான் இஞ்ச சட்டியில வச்சிருக்கிறன். இரவுக்குளிர் 10 பாகைக்குக் கீழ போக முதல் உள்ளுக்க எடுத்திடுவன். மாரிக்கு இலை கொட்டும், பயப்பிடத் தேவையில்லை, வேர் உயிரோட இருக்கும், தண்ணியைக் குறைச்சு யன்னலடியில வச்சா வசந்தத்துக்குத் திரும்பத் துளிர்க்கும். கன பேர் அந்த நேரம் பாவம் பார்த்து தண்ணியை ஊத்தித்தான் வேரை அழுகப் பண்ணுறவை. மோர் ஊத்தினா வீடு முழுக்க மணக்கும், மனுசி சட்டியோட சேர்த்து என்னையும் வெளியில வச்சிடுவா. அமெரிக்காவில புளோரிடா, கலிபோர்னியாப் பக்கம் கன்றை நினைச்சபடி கொண்டு போகவும் ஏலாது. கருவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் எல்லோ, தோடை (ஆரஞ்சு) மரங்களை அழிக்கிற நோயைக் காவுற சின்னப் பூச்சி இதிலயும் இருக்கும். 2005ல புளோரிடாவில அந்த நோய் பிடிபட்ட பிறகு சரியான கட்டுப்பாடு.

நெல்லை ராசா:
அந்தப் பூச்சிக்குத்தான காரமடைல மருந்தா அடிச்சுத் தள்ளுதாவ. 2015ல கேரளாக்காரன் தமிழ்நாட்டுக் காய்கறில மருந்து இருக்குன்னு சத்தம் போட்டது மறந்து போச்சா? எங்க மோர்ல மருந்து கெடையாது பாத்துக்கிடும்.

காரமடைக்காரன்:
எங்கிருந்து எங்க போறீங்க? மோருக்குப் பதில் சொல்ல முடியலைன்னா மருந்துக்குத் தாவறது. எல்லாத் தோட்டமும் ஒண்ணில்லைங்க, நான் வேப்பெண்ணெய்க் கரைசல் தான் அடிக்கறேன், வேணும்னா வந்து பாருங்க. மருந்து வேற பேச்சு, மோர் வேற பேச்சு. மோர் ஊத்தினா எறும்பு வரும், அசுவினி இருந்தா எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், அது தெரியுமா உங்களுக்கு?

மாம்பலம் மாடித்தோட்டம்:
என் தொட்டிக்கு எறும்பு வரல. பச்சைப் புழு தான் வந்துச்சு, அதுவும் பட்டாம்பூச்சி ஆகும்னு பையன் விடச் சொல்லிட்டான்.

இயற்கை உழவன்:
நல்ல பையன். சின்னதுல பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் பச்சையாயிடும், எலுமிச்சைப் பட்டாம்பூச்சி. விட்டுடுங்க.

காரமடைக்காரன்:
விட்டா ரெண்டே நாள்ல ஈர்க்கு மட்டும் தான் மிஞ்சும். சின்னச் செடில கையால எடுத்துப் போடுங்க அக்கா. அப்புறம் ஒவ்வொரு இலையா உருவாதீங்க, கொத்தா ஈர்க்கோட ஒடிங்க, நுனியைக் கிள்ளினாத்தான் பக்கக் கிளை வரும். குரோ பேக்ல வருசத்துக்கு ஒருக்கா மேல் மண்ணை எடுத்துட்டு தொழு உரம் போடுங்க. நான் இதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்க மோரைப் புடிச்சுட்டுத் தொங்கறீங்க.

மாம்பலம் மாடித்தோட்டம்:
மோரைப் பிடிச்சுத் தொங்குறது நீங்க தான் அண்ணா. நான் ஒரு தடவை சொன்னேன், நீங்க பத்து பதிவு போட்டுட்டீங்க. நாளைக்கும் ஊத்துவேன்.

புதுத்தொட்டி:
உப்பு போட்டதா போடாததா, யாராச்சும் சொல்லுங்களேன்...

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
காரமடை சாருக்கு ஒரு திருத்தம். அமிலம் போயிடும்னு சொன்னீங்க சரி, ஆனா மோர் புளிப்புல இருக்கற லாக்டிக் அமிலத்துல இருந்து வர்ற லாக்டேட் இரும்போட சேர்ந்து கொஞ்ச நேரம் கரைஞ்ச நிலைல வச்சிருக்க வாய்ப்பு இருக்கு, அதை நீங்க கணக்குல எடுக்கல.

காரமடைக்காரன்:
வாய்ப்பு, இருக்கலாம், கொஞ்ச நேரம். வாத்தியாரே, உங்க வீட்டுல கருவேப்பிலைச் செடி இருக்குதா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
அது இங்க சம்பந்தமில்லாத கேள்வி.

நெல்லை ராசா:
செடின்னதும் ஞாபகம் வருது. அண்ணாச்சி, போன ஆடில செங்காம்பு வேர்க்கன்னு அனுப்புதேன்னு சொல்லி ஒரு காஞ்ச குச்சி அனுப்புனீரே, அதுக்கு என்ன பதில்? அது மோர் ஊத்தியும் பொழைக்கல.

காரமடைக்காரன்:
வேரோட தோண்டி ஈரச்சாக்குல சுத்தித்தான் அனுப்பினேன். பார்சல் வந்து எத்தனை நாளா பிரிக்காமப் போட்டு வச்சிருந்தீங்க, அதை மொதல்ல இங்க எல்லாத்துக்கும் சொல்லுங்க. கூரியர் காசும் இன்னும் வரலைங்க.