மாமியாரின் டிரங்குப் பெட்டி: இரண்டு நாளில் ஒழுங்கு பண்ண வழி சொல்லுங்கள்

பெண்ணைக்கரை, கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அபூர்வம், இந்த வாரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் பரணில் இருக்கும் என் மாமியாரின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும்.

அத்தை போய்ச் சேர்ந்ததிலிருந்து பெட்டியை யாரும் கிளறவில்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததே, அப்போது எங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். பெட்டியைக் கட்டில்மேல் தூக்கி வைத்தோம். அப்படியும் அடியில் ஈரம் ஏறிவிட்டது. வெளிப்பக்கம் துடைத்து வெயில் காட்டிப் பரணில் ஏற்றியதோடு சரி. நேற்று ராத்திரி இறக்கித் திறந்தேன்.

பட்டுச் சேலை நாலு, நூல் சேலை ஒன்பது. அடியில் கிடந்த இரண்டு நூல் சேலையிலும் ஒரு பட்டிலும் துருக்கறை. ஒரு மூங்கில் முறம், பின்னல் விட்டு ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு. அப்புறம் பச்சையும் வெள்ளையுமாகப் பாதி பின்னிய ஒயர் கூடை. அடிப்பாகம் முடிந்து நாலு பக்கமும் ஐந்து வரி ஏறியிருக்கிறது. ஆறாவது வரியில் மூன்றாவது முடிச்சை இறுக்காமல் விட்டிருக்கிறார். யாரோ வாசலில் கூப்பிட, அப்படியே வைத்துவிட்டு எழுந்து போன மாதிரி இருக்கிறது. அந்த முடிச்சையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலையை யாருக்காவது கொடுத்துவிட்டு மற்றதை எடைக்குப் போடு என்கிறார் வீட்டுக்காரர். வீடு சின்னது, அவர் சொல்வதும் புரிகிறது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. ஏழாவது படிக்கும் மகள், "பாட்டி சாமானை வைத்து ஏதாவது செய்யலாம்மா" என்று கூடவே சுற்றுகிறாள். பரணில் பழைய செய்தித்தாள் இரண்டு கட்டு வேறு இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எதிலிருந்து என்ன செய்வது? கை வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர்வாசி, கடலூர்

தங்கச்சி, முதலில் பெட்டியைக் கவனியுங்கள். துரு அங்கே இருக்கிற வரைக்கும் எந்தத் துணியை உள்ளே வைத்தாலும் மறுபடி கறைதான். நான் துறைமுகத்துப் பக்கம் படகுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்தவன். உப்புக்காத்து இரும்பை என்ன பாடு படுத்தும் என்று தினம் பார்த்திருக்கிறேன்.

முரட்டு உப்புத்தாள் ஒன்று, நைஸ் உப்புத்தாள் ஒன்று வாங்குங்கள். பெட்டியின் உள் மூலையையும் கீல் பக்கத்தையும் விடாமல் தேய்த்து, தூசி இல்லாமல் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் இரண்டு கை. அவசரப்பட்டு முதல் கை காயாமலே இரண்டாவதை அடித்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். வாடை முழுசாகப் போகும்வரை ஒரு வாரமாவது திறந்து போட்டுவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். அதனால் பெட்டி இந்த இரண்டு நாளில் முடியாது, சேலைக்கு வேறு இடம் பாருங்கள். திரும்பப் பரணில் ஏற்றும்போது அடியில் இரண்டு கட்டை கொடுங்கள், சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். சுவர் ஈரம் இழுக்காது.

லாஸ்பேட்டை பாட்டி, புதுச்சேரி

அம்மாடி, கொடுப்பதை யோசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சேலையையும் முழுசாக விரித்துப் பார். மடிப்பில்தான் இற்றுப் போயிருக்கும். விரிக்காமல் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கிழிசலைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நூல் சேலைத் துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். முதலில் சேலை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா பார். போகவில்லை என்றால் கறைமேல் தேய்த்து வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு அலசு. பட்டில் இந்த வேலையே வேண்டாம், அதை டிரை கிளீனிங்கில் காட்டிக் கேள். பட்டை பாலித்தீன் கவரில் வைக்காதே. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து அதில் சுற்றி வை. அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும். வசம்பைத் தட்டித் துணி முடிச்சாகக் கட்டிப் போட்டால் பூச்சி அண்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடி. ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே உடையும்.

நைந்த நூல் சேலையைத்தான் நான் விடவே மாட்டேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைக்கு ஈடாகத் தூளிக்கு வேறு துணி கிடையாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குழந்தை பிறக்க இருந்தால் நைந்ததிலும் கெட்டியாக இருப்பதை இழுத்துப் பார்த்து ஒன்று எடுத்து வை. அதற்கும் தாங்காததை மூன்று விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, ஜடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. குழந்தை கையாலேயே பின்னிவிடுவாள்.

கூடை என்ன முடிச்சு? சிவன் கண்ணா, நெல்லிக்காயா?

வில்லியனூர் மண், புதுச்சேரி

அக்கா, முறத்தையும் செய்தித்தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். என் அம்மா, ஆயா எல்லோரும் முறத்து ஓட்டையைக் காகிதக்கூழால்தான் மெழுகுவார்கள். எங்கள் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் பக்கத்துத் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடே உண்டு. அந்தப் பொம்மை அளவுக்குக் கை நேர்த்தி வேண்டாம், வீட்டுக் கூழ் சுலபம்.

இன்று ராத்திரியே தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஊறப் போடுங்கள். இரண்டு நாள் ஊறினால் நல்லது, அவசரம் என்றால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். வெந்தயம் இரண்டு கைப்பிடி தனியாக ஊற வையுங்கள். மறுநாள் தாளைப் பிழிந்து, தண்ணீர் தாராளமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். கெட்டியாகப் போட்டால் மிக்சி மோட்டார் புகைந்துவிடும். வெந்தயத்தை வழவழவென்று அரைத்துக் கலந்தால் பசை தனியே வேண்டாம். கையில் எடுத்தால் இட்லி மாவுக்கும் அடை மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

முறத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். மீதிக் கூழுக்கு ஒரு குண்டானைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, மேலே அரை விரல் கனத்துக்கு அப்புங்கள். துணி போட மறந்தால் குண்டானோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. அச்சு மை இருப்பதால் சாப்பாட்டுப் பண்டத்தை நேராக அதில் வைக்காதீர்கள். வெங்காயம், பூண்டு, சாவி, நூல்கண்டு வைக்கலாம்.

பெண்ணைக்கரை, கடலூர்

ஞாயிறு ராத்திரி எழுதுகிறேன். கையெல்லாம் வெந்தய வாசனை, மூன்று முறை சோப்பு போட்டும் போகவில்லை.

அண்ணன் சொன்னபடி பெட்டியை வீட்டுக்காரரே தேய்த்தார். எடைக்குப் போடச் சொன்னவர், உள் மூடியில் துருவுக்கு அடியில் அத்தையின் பெயரை ஆணியால் கீறியிருப்பதைப் பார்த்ததும் அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாளை நிறுத்திவிட்டார். அங்கே பிரைமரும் அடிக்கவில்லை. துரு பரவுமா என்று தெரியவில்லை, பரவினால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டிம்மா, நூல் சேலை ஒன்றில் கறை முழுசாகப் போய்விட்டது, இன்னொன்றில் பாதி. பட்டை நாளைக்குக் கடையில் காட்டுகிறேன். நல்ல நூல் சேலை ஐந்தை அத்தையோடு பேசிப் பழகிய தெருப் பெண்களுக்கே கொடுத்தேன். பூக்கார அம்மா அதே இடத்தில் விரித்து மேலே போட்டுப் பார்த்தார். நாத்தனாருக்கு இது ஏழாவது மாதம், தூளிக்கு ஒன்று எடுத்து வைத்துவிட்டேன். மகள் மிதியடி பின்ன ஆரம்பித்து ஒரு தட்டு அகலம் வந்திருக்கிறது.

பத்திரிகைகளைப் போடவும் மனசில்லை, பிள்ளையார் படம் இல்லாத பத்திரிகையே கிடையாது. படங்களை வெட்டிப் புத்தகத்துக்குள் வைக்கும் அட்டையாகச் செய்தாள். வெள்ளைப் பின்பக்கம் எல்லாம் அஞ்சறைப் பெட்டிக்கும் வத்தல் டப்பாவுக்கும் பெயர்ச் சீட்டு. "சுண்டைக்காய்" என்று எழுதியதில் சுழி ஒன்று கூடிவிட்டது, ஒட்டியும் விட்டோம்.

கூடை நெல்லிக்காய் முடிச்சு. எனக்குச் சாதா முடிச்சுதான் தெரியும், அதனால் கை வைக்கவில்லை. அந்தத் தளர்ந்த முடிச்சை இறுக்கவும் இல்லை. பாட்டிம்மாவுக்கு நெல்லிக்காய் தெரியும் என்றால் ஒரு ஞாயிறு லாஸ்பேட்டைக்கு மகளோடு கூடையை எடுத்துக்கொண்டு வரட்டுமா?

முறம் காய்ந்துவிட்டது. குண்டான்மேல் அப்பியது வெளியே காய்ந்த மாதிரி இருக்கிறது, கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. எப்போது எடுக்கலாம்?

லாஸ்பேட்டை பாட்டி, புதுச்சேரி

வாம்மா, தாராளமாக வா. வருகிறபோது வெள்ளை ஒயர் ஒரு கட்டு வாங்கி வா, மேல் வரிக்குப் போதாமல் போகும். பழைய ஒயர் விறைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடு, வளையும். முதலில் அந்த மூன்றாவது முடிச்சிலிருந்தே உன் மகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

வில்லியனூர் மண், புதுச்சேரி

சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் என்று அர்த்தம் அக்கா, இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். ராத்திரி மொட்டை மாடியில் விடாதீர்கள், கடல்காத்து ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். விரலால் சுண்டிப் பாருங்கள். அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி டொக்கென்று கேட்டால் துணியோடு சேர்த்து இழுங்கள், குண்டான் தனியாக வந்துவிடும்.