கீபோர்டில் சொல் பரிந்துரை இருந்தும் என் மாணவன் தப்பான சொல்லையே தொடுகிறான், என்ன செய்யலாம்?

என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாறும் கற்றல் குறைபாடு. வாயால் கதை சொன்னால் அவ்வளவு அழகாகச் சொல்வான், எழுதச் சொன்னால் இரண்டே வரி.

ஆறு வாரமாக ஆண்ட்ராய்டு 13 டேப்லெட்டில் சொல் பரிந்துரைக்கும் தமிழ் கீபோர்டு கொடுத்திருக்கிறேன். முதல் எழுத்துகளை வைத்துத்தான் அது தேடுகிறது, ஆனால் இவன் தடுமாறுவதே குறில் நெடிலில்தான்; 'கோபம்' எழுத 'கொ' என்று தொடங்கினால் சரியான சொல் வருவதே இல்லை, உடனே முதலில் தெரிவதைத் தொட்டுவிடுகிறான்.

பாடச் சொற்களைக் கீபோர்டின் அகராதியில் சேர்த்தேன், பலனில்லை. குரல் தட்டச்சு வகுப்புச் சத்தத்தில் எடுபடவில்லை. அப்புறம், எழுதியதை டேப்லெட்டே வாசித்தால் தப்பைக் கண்டுபிடிக்கிறான், ஆனால் அதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

ஒலியை வைத்துச் சொல் தேடி, தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு பரிந்துரையையும் வாசித்துக் காட்டும் தமிழ் மென்பொருள் எதையாவது மாணவர்களிடம் பயன்படுத்தியிருக்கிறீர்களா?