கும்பகோணத்துல 1989ல கட்டின வீடு, சீலிங் காரை கொட்டுது: ரிப்பேர் பண்றதா, இடிச்சுட்டு கட்டுறதா?

கும்மோணத்தான்:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க அப்பா 1989ல கட்டின வீடு, தரைத்தளம் மட்டும், 1,050 சதுர அடி, செங்கல் சுவரு மேல ஆர்சிசி (கம்பி கட்டின கான்கிரீட்) தளம், பில்லர் எல்லாம் கிடையாது. அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா (வயசு 71) தனியா இருக்காங்க, நான் பெங்களூருல, அக்கா திருச்சில.

போன மாசம் ஒரு நாள் காலைல அம்மா கிரைண்டர்ல மாவ வழிச்சு எடுத்துட்டு கூடத்துக்கு வந்திருக்காங்க, வந்து ரெண்டு நிமிஷம் கூட ஆகல, சமையக்கட்டு சீலிங்ல இருந்து தாம்பாளம் சைசுக்கு ஒரு துண்டு பெயர்ந்து கிரைண்டர் மேலயே விழுந்துருச்சு. நான் போய் பாத்தா உள்ள கம்பி இலை இலையா உரியுது, நகத்தால சுரண்டினா கையோட வருது.

இது போக வேற பிரச்சனையும் இருக்கு. ரோடு போட்டு போட்டு ஏத்தி, முன்ன மூணு படி ஏறி போன வீட்டுக்குள்ள இப்ப ஒரு படி இறங்கி போறோம். பாத்ரூம் கொல்லைல, ராத்திரி அம்மா டார்ச் எடுத்துட்டு போகணும். வயரிங் அந்தக்கால மரக்கட்டை பேட்டன் வயரிங்.

ரிப்பேருக்கு ஒருத்தர் 9 லட்சம்ங்கிறார், அதே வேலைக்கு இன்னொருத்தர் 15½. மூணாவது ஆள் உள்ள வந்து அஞ்சே நிமிஷத்துல "இடிச்சுருங்க சார், சதுர அடி 2,400 ரூபாய்க்கு புதுசா கட்டித் தர்றேன்"ங்கிறார், அதுவே 25 லட்சத்த தாண்டுது. மச்சான் வித்துட்டு திருச்சில பிளாட் வாங்கலாம்ங்கிறார். அம்மாவோ "என்னைய இங்கேருந்து தூக்குறப்ப மொத்தமா தூக்கிக்கங்கடா"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. இந்த வீட்டுக்கு செலவு பண்றது வொர்த்தா?

இடிடா_தம்பி:
ப்ரோ 35 வருஷம் ஆச்சு, அதுக்கு மேல பழைய வீட்டுக்கு போடுற காசு ஆத்துல போடுற காசு. இடிச்சு கட்டுங்க, மாடிய வாடகைக்கு விடலாம்.

செங்கல்சூளை:
நான் சிவில், 20 வருஷமா சைட்லயே கிடக்கேன். எடுத்தவுடனே இடின்னு சொல்றவர நம்பாதீங்க, பாக்காமலே ரிப்பேர் போதும்னு சொல்றவரையும் நம்பாதீங்க. முதல்ல ஒரு சுத்தியல எடுத்து சீலிங் முழுக்க ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டுங்க. நல்ல கான்கிரீட் கணீர்னு கேக்கும், கம்பிய விட்டு பிரிஞ்ச இடம் பொத்து பொத்துன்னு காலி டப்பா மாதிரி கேக்கும். பொத்து கேக்குற இடத்தை எல்லாம் சாக்பீஸால வட்டம் போடுங்க, ஆனா அடில நிக்காம தள்ளி நின்னு தட்டுங்க, தலைல ஹெல்மெட் போட்டுக்கோங்க. சமையக்கட்டும் பாத்திரம் தேய்க்கிற இடமும் மட்டும் வட்டமா இருந்தா ஒரு கதை, எல்லா ரூம்லயும் இருந்தா வேற கதை.

அடுத்து, பிளஸ் டூ லேப்ல பினாப்தலீன் சொட்டு சொட்டா விட்டோமே ஞாபகம் இருக்கா, அதே தான். கான்கிரீட்டை புதுசா உடைச்ச இடத்துல அத தெளிச்சா ரோஸ் கலரா மாறினா உள்ள காரத்தன்மை இருக்கு, கம்பிக்கு பாதுகாப்பு இருக்கு. கலரே வரலன்னா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அது வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம். கலர் மாறாத ஆழம் கம்பிய தாண்டிருச்சுன்னா இன்னைக்கு பூசி விட்டாலும் நாளைக்கு பக்கத்துல விழும். துரு இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும், அது தள்ளுறதுல தான் காரை பிச்சுக்கிட்டு வருது.

9 லட்சத்துக்கும் 15½க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டீங்கன்னா, ரெண்டு பேர்கிட்டயும் கம்பிக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. சும்மா கொத்திட்டு சிமெண்ட் பூசுறது ஆறு மாசத்துக்கு தான். சரியான வேலைன்னா கம்பிக்கு பின்னாடி வரைக்கும் கொத்தி, துருவ பிரஷ் போட்டு எடுத்து, துரு பிடிக்காம தடுக்கிற ஆன்டி கரோசிவ் கோட் அடிச்சு, தேஞ்ச கம்பிக்கு பக்கத்துல புது கம்பி கட்டி, பாலிமர் மார்ட்டர் (பாலிமர் கலந்த சிமெண்ட் கலவை) வைக்கணும். அது முடியிற வரைக்கும் தளத்துக்கு அடில முட்டு குடுத்து வச்சிருக்கணும், முட்டு இல்லாம கொத்துறவன் வந்தா வாசலோட திருப்பி அனுப்புங்க. அதுக்கும் முன்னாடி மாடில தண்ணி எங்க தேங்குதுன்னு பாருங்க. சமையக்கட்டுக்கு நேர் மேல தான் தண்ணி டேங்க் இருக்கும்னு பந்தயம் கட்டுறேன்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் கம்பிய பாக்குறீங்க, நான் பத்திரத்தை பாக்குறேன். வீடு அப்பா பேர்லயே இருக்கா? உயில் எழுதாம தவறியிருந்தா, அது அவர் சொந்த சம்பாத்தியம்னா, இந்து வாரிசுரிமைப்படி அம்மா, அக்கா, நீங்க மூணு பேருக்கும் சம பங்கு (பாட்டி இருந்தா அவங்களுக்கும்). நீங்க 15 லட்சம் போட்டு ரெடி பண்ணிட்டு நாளைக்கு பேச்சு வந்தா அந்த காசுக்கு கணக்கு இருக்காது. அக்கா நல்லவங்க தான், மச்சான் ஏற்கனவே திருச்சி பிளாட் பத்தி பேசிட்டார் பாருங்க. வாரிசு சான்றிதழ் வாங்கி, யார் எவ்வளவு போடுறாங்கன்னு பேப்பர்ல எழுதிட்டு ஆரம்பிங்க.

லோன் போடுறதா இருந்தா, சொந்தமா குடியிருக்கிற வீட்டு ரிப்பேர் லோன் வட்டிக்கு பழைய வரி முறைல வருஷத்துக்கு 30,000 ரூபா தான் கழிவு, புதுசா கட்டினா 2 லட்சம் வரைக்கும். புது வரி முறைல இருக்கீங்கன்னா ரெண்டுமே கிடையாது, அதனால வரிய நம்பி முடிவு எடுக்காதீங்க.

விக்கிறப்ப காசு திரும்ப வரும்ங்கிற கணக்கையும் விட்டுருங்க. நம்மூர்ல பழைய வீடு வாங்குறவன் மனைக்கு தான் விலை பேசுவான், நீங்க போட்ட டைல்ஸ் அவனுக்கு குப்பை. அம்மா அங்க எத்தனை வருஷம் நிம்மதியா இருப்பாங்கன்னு கணக்கு போடுங்க.

ஏரிக்கரை_வாசி:
ரோடு மட்டத்துக்கு ஜாக்கி போட்டு தூக்குற ஐடியா யாராவது குடுக்கும் முன்னாடி சொல்லிடறேன். சென்னைல எங்க மாமா வீட்டை அப்படி தூக்கினாங்க, அஸ்திவாரத்துக்கு மேல சுவரை கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு வரிசையா ஜாக்கி வச்சு, விசில் அடிக்க அடிக்க எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு சுத்து சுத்துவாங்க, பாக்க தேர் இழுக்கிற மாதிரி இருக்கும். நல்லா தான் வந்துச்சு, ஆனா அது தளம் உறுதியா இருந்த வீடு. கம்பி உரியிற வீட்டை தூக்காதீங்க. தரைய ஒரு அடி ஏத்துறதும் யோசிச்சு செய்யுங்க, கதவு நிலை, ஜன்னல் உயரம் எல்லாம் மாறிடும், சீலிங் தலைல இடிக்கிற மாதிரி தாழ்ந்துரும்.

அடுப்பங்கரை:
தம்பி, நாங்க மாயவரத்துல இதே மாதிரி வீட்டை மூணு வருஷம் முன்னாடி ரிப்பேர் பண்ணோம். நாலு மாசம்னாங்க, ஒன்பது மாசம் ஆச்சு. எங்க மாமியாரை உள்ள வச்சுக்கிட்டே வேலை பார்த்தது தான் நான் பண்ண தப்பு, தூசில மூச்சு வாங்கி ஆஸ்பத்திரி செலவு தனி. அம்மாவ அக்கா வீட்டுல விட்டுட்டு ஆரம்பிங்க, திரும்ப கூட்டிட்டு வர தேதிய சொல்லி அனுப்புங்க, இல்லன்னா கிளம்ப மாட்டாங்க.

நீங்க என்ன முடிவு எடுத்தாலும் பாத்ரூம உள்ள கொண்டு வர்றத இந்த மாசமே பண்ணுங்க. வழுக்காத டைல்ஸ், வெஸ்டர்ன், பக்கத்துல கைப்பிடி. 71 வயசுல ராத்திரி கொல்லைல விழுந்தா சீலிங் விழுந்தத விட மோசம். வயரிங்கையும் தள்ளிப்போடாதீங்க, எர்த்தோட புதுசா இழுத்து ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா சப்ளைய கட் பண்ற ஸ்விட்ச்) போடுங்க, ஈரத் தளத்துல மரக்கட்டை வயர்னு கேட்டதும் எனக்கு பக்குனு ஆச்சு. ஆவணில ஆரம்பிச்சா ஐப்பசி அடைமழைல மாடி திறந்து கிடக்கும், தளத்து வேலைய தை பொறந்ததும் தொடங்குங்க.

செங்கல்சூளை:
@இடிடா_தம்பி, இடிக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்தக்கால வீடு மனை முழுக்க அடைச்சு கட்டியிருந்தா, இப்ப புது பிளான்ல முன்னாடி பக்கவாட்டுல இடம் விட சொல்வாங்க, தொடர் கட்டடப் பகுதியா (வீடுங்க சுவரோட சுவர் ஒட்டி இருக்கிற இடம்) இருந்தா பக்கவாட்டுக்கு விலக்கு இருக்கலாம். 1,050 கைல வரும்னு நினைச்சுட்டு இடிச்சா 800 தான் மிஞ்சும். இப்ப 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500க்குள்ள கட்டடம்னா சுயசான்று முறைல ஆன்லைன்லயே அனுமதி கிடைக்குது, ஆனா இடைவெளி விதி அதுக்கும் உண்டு.

கும்மோணத்தான்:
எல்லாருக்கும் நன்றி. செங்கல்சூளை சார், பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க, டேங்க் கிரைண்டருக்கு நேர் மேல தான். நேத்து சுத்தியல் போட்டு பாத்தேன், சமையக்கட்டு முழுக்க, கூடத்துல ஒரு மூலை மட்டும் பொத்து பொத்துன்னு கேக்குது, ரெண்டு பெட்ரூமும் கணீர்னு இருக்கு. சமையக்கட்டுக்கு முட்டு குடுக்க நாளைக்கே ஆள் வருது, அடுப்ப கூடத்துக்கு மாத்தியாச்சு. அக்காகிட்ட பங்கு பத்தி பேசினேன், மச்சான் லைன்ல வந்து ரொம்ப நேரம் அமைதியா இருந்தார். பாத்ரூமும் வயரிங்கும் இப்பவே, தளம் தைல. அம்மா திருச்சி போக ஒத்துக்கிட்டாங்க, கிரைண்டரையும் எடுத்துட்டு தான் வருவேன்ங்கிறாங்க.