வாடிக்கையாளர் எண்களை எந்த அடிப்படையில் பிரிப்பது?

கேள்வி (துணிக்கடை, பழைய வண்ணாரப்பேட்டை)

எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவில் எங்கள் குடும்பம் துணிக்கடை நடத்துகிறது. பில் போடும்போது வாடிக்கையாளர்கள் கொடுத்த எண்கள் சுமார் 1,400 சேர்ந்துள்ளன. ஆடித் தள்ளுபடிக்கு எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினோம். முந்தின வாரம் மொத்தமாகச் சரக்கெடுத்த வியாபாரிகள், தாங்கள் கொடுத்ததைவிடச் சில்லறை விலை குறைவாக இருப்பதைப் பார்த்து மனம் நொந்து அழைத்தார்கள். வேறு சிலர் பிளாக் செய்துவிட்டார்கள். இப்போது வயது, பகுதி, ஆண், பெண் என்று பிரிக்கத் தொடங்கிப் பதினொரு பிரிவுகளில் வந்து நிற்கிறேன். எதில் தொடங்குவது?

பதில் (பெரம்பூர்)

வயதை விட்டுவிடுங்கள், பில் புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கு நேராகவும் கடைசியாக வந்த தேதி, ஓராண்டில் எத்தனை முறை வந்தார், மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார் என்ற மூன்றை மட்டும் எக்செல்லில் எழுதுங்கள். முதலில் மொத்த வியாபாரிகளைத் தனியே எடுத்துவிட்டு, மீதமுள்ளவர்களை மூன்று மாதத்துக்குள் வந்தவர்கள், ஓராண்டுக்குள் வந்தவர்கள், அதற்கும் முன்பு வந்தவர்கள் என்று பிரித்தால் போதும். தனியாகச் சொல்வதற்குச் செய்தி எதுவும் இல்லாத பிரிவு உங்களுக்குத் தேவையில்லை.

பதில் (ரெடிமேட் கடை, காசிமேடு)

பெரம்பூர் நண்பர் சொன்னது சரியே. ஆனால் வாடிக்கையாளரின் பிழைப்பையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் பள்ளிச் சீருடையும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே படகுக்குப் போகும் குடும்பங்களுக்கு ‘படகு’ என்று லேபிள் வைத்திருக்கிறேன். அவர்களுக்குத் தள்ளுபடிச் செய்தி போகாது. “சீருடையை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தை ஜூலையில் கொடுங்கள்” என்ற ஒரு வரி மட்டும் மே கடைசியில் போகும். அதே தெருவில் மாதச் சம்பளக்காரரும் இருக்கிறார். இருவருக்கும் பின்கோடு 600013தான். பின்கோடை வைத்துப் பிரித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

பதில் (தண்டையார்பேட்டை)

பில்லுக்காக எண் கொடுத்தவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தார் என்று ஆகிவிடாது. அதைத் தனியே கேட்டு, வேண்டாம் என்றவரை எல்லாப் பட்டியலிலிருந்தும் நீக்குங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவார்கள். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவருக்கே செய்தி போய்ச் சேரும். எஸ்எம்எஸ் அனுப்புவதானால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மொத்த வியாபாரிகளை மட்டும் தனியே எடுத்தேன். 86 பேர் வந்தார்கள். அடுத்த தள்ளுபடிக்கு ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு விலையைச் சொல்லிவிட முடிவு செய்திருக்கிறேன். பில் போடும் பெண்ணிடம், எண்ணைக் கேட்கும்போதே “செய்தி அனுப்பலாமா?” என்றும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.